வியாழக்கிழமை ஒன்றரை மணி

1

இந்தக் கதை திருடியது. அதுவும் மனைவியிடமிருந்து. இதை எழுதுகிறவன் பெயர் தவராசா. யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்தவன். பாபடோயிட்டோயில் வீடு, விமான நிலையச் சரக்குக் கிடங்கில் வேலை, ஓய்வு நாட்களில் எழுத்தாளன். 'நான்' என்று தொடங்கினால் அவனுக்குப் பொய் தாராளமாக வருகிறது. ஆகவே 'அவன்' என்றே வைத்துக்கொள்வோம், வாசகரே.

தொகுப்புக்கு எட்டுக் கதைகள் எழுதியாயிற்று. எல்லாம் ஒரே அச்சு. ஒருவர் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு அசைய முடியாமல் கிடப்பார். கடைசிப் பக்கத்தில் திடீரென்று அவருக்கு எல்லாம் விளங்கும். விளங்கிய பிறகும் அசையமாட்டார். நவீனத்துவச் சிறுகதையின் உயிரே இந்த முடக்கமும் தரிசனமும்தான் என்று மவுண்ட் ரோஸ்கிலில் ஒரு வாசகர் கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசியவன் அவன். [வந்திருந்தவர்கள் பதினொரு பேர். இருவர் வடைக்காக வந்தவர்கள்.] ஒன்பதாவது கதைக்கு ஆள் தேடியபோது மனைவி ரதிதேவி அடுப்படியில் நின்றாள்.

2

முதல் தொடக்கம்: 'ஜன்னலுக்கு வெளியே மழை. அவள் அதையே பார்த்துக்கொண்டு' — அடித்தாயிற்று. ரதிதேவிக்கு மழை பார்க்க நேரம் ஏது?

இரண்டாம் தொடக்கம்: 'ஆறு வருடமாக அவர்களுடைய காரில் மஞ்சள் நிற எல் அட்டை ஒட்டியிருந்தது.' இது இருக்கட்டும், உண்மை என்பதால். எல் அட்டைக்காரர் இந்த நாட்டில் தனியே கார் ஓட்ட முடியாது. முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். ரதிதேவியின் பக்கத்தில் ஆறு வருடமாகத் தவராசா இருக்கிறான்.

அவள் நன்றாகவே ஓட்டுவாள். தனியே ஓட்டுவதற்கான சோதனைக்கு மூன்று முறை நாள் எடுத்தாள். மூன்று முறையும் அவன் அடுப்படிச் சுவரில் தொங்கும் யாழ்ப்பாணக் கலண்டரைப் பார்த்தான். ஒருமுறை அட்டமி. ஒருமுறை மரணயோகம். மூன்றாவது, போன செவ்வாய் பின்னேரம் மூன்றேகால், இராகுகாலம். அவளைக் கேட்காமலே போனில் ரத்துச் செய்தான்.

"ஒரு நல்ல காரியம் செய்யிற நேரமே அது?" என்றான். அவள் சோறு வடித்தாள்.

[அடிக்குறிப்பு: ஒரு முதியோர் இல்லத்தில் ரதிதேவிக்கு வேலை கிடைத்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்கவேண்டும். அந்நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க பஸ் இல்லை. இந்த வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். கதையின் முக்கியமான விஷயத்தை அவன் அடிக்குறிப்பில் தள்ளியிருப்பதையும் கவனியுங்கள்.]

3

இவள் ஏன் பேசாமல் இருக்கிறாள்? பாத்திரத்தின் மீது அவனுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பேசாத பெண் எழுத்தாளனுக்கு எவ்வளவு வசதி. ஒடாஹுஹு சந்தைக்கு வெளியே நிறுத்திய காரில் அவளை இருத்தினான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவைத்தான். வாழ்க்கை கைவிட்டுப் போனது அவளுக்குச் சட்டென்று விளங்குவதாக எழுதினான். எழுதும்போது அவனுக்கே கண் கலங்கியது. தாள்களைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனான். [மறந்து அல்ல.]

4

திரும்பி வந்தபோது ரதிதேவி கடைசிப் பக்கத்தைக் கையில் வைத்திருந்தாள்.

"முடிவில எனக்கு ஏதோ விளங்குது எண்டு எழுதியிருக்கிறியள்."

"ஓம். அதுதானே கதை."

"உங்கடை இன்டர்வியூ எத்தினை மணிக்கு நடந்தது?"

இந்த இடத்தில் 'அவனுக்கு விளங்கவில்லை' என்று எழுத ஆசை. விளங்கியது. ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, காலை எட்டு மணி, கிடங்கு வேலைக்கான நேர்முகம். அது இராகுகாலம் என்று கலண்டரைக் காட்டித் தயங்கியவள் அவள்தான். அவன் சிரித்தான். "அது யாழ்ப்பாணத்து நேரமப்பா. அங்கை இப்ப சனம் நித்திரை. அவையின்ரை இராகு இஞ்சை வரமாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போய் வேலையோடு வந்தான்.

"அண்டைக்கு வராத இராகு எனக்கு மட்டும் பிளேன் ஏறி வாறாரோ?" அவள் குரலை உயர்த்தவில்லை. "எனக்கு ஆறு வருசமா விளங்கித்தான் இருக்கு. விளங்கி என்ன செய்யிறது? பக்கத்தில நீங்கள் இருந்தால்தானே கார் அசையும்."

தாள்களை அடுக்கி அவன் கையில் கொடுத்தாள். எட்டுக் கதைகளும் அந்த நிமிடத்தில் செத்துப்போயின.

5

மகள் பிரணவி வேறு நாள் எடுத்துக் கொடுத்தாள். "தேர்ஸ்டே, ஒன் தேர்ட்டி. டோன்ட் டச் இட், அப்பா."

வியாழன் ஒன்றரைக்கும் இராகுகாலம்தான். இந்த முறை அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

முடிவு அ: அவன் அவளோடு போகிறான். அவள் சோதனையில் சித்தியடைகிறாள். அன்று பின்னேரமே மவுண்ட் ரோஸ்கிலில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குத் தனியே போகிறாள். [நல்ல முடிவு. அவனுக்குத்தான் பயம். தனியே போய்வரத் தொடங்கினால் தன்னை எதற்கு என்று நினைத்துவிடுவாளோ? அவன் கலண்டரில் தேடியதெல்லாம் இந்தப் பயத்துக்கு ஒரு சாட்டு.]

முடிவு ஆ: அவன் போகவில்லை. அவள் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உடுப்பை மாற்றுகிறாள். தொகுப்புக்கு இதுதான் பொருத்தம்.

முடிவு இ: அவன் இல்லாமலே அவள் காரை எடுத்துக்கொண்டு, வழியில் பொலிஸ் மறித்து —

6

இன்று வியாழன். மணி பன்னிரண்டு ஐம்பது. தங்கை வேலையில், பிரணவி பள்ளிக்கூடத்தில், கூடப் போக வேறு ஆளில்லை. ரதிதேவி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெளியே காத்திருக்கிறாள். இடப்பக்க இருக்கை காலி. "ஒரு வரி இருக்கு, முடிச்சிட்டு வாறன்" என்று சொல்லி வந்தவன் இங்கே இருந்து எழுதுகிறான்.

ஒன்பது கதைகளிலும் முடங்கிக் கிடந்தது யார் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. நாற்பது நிமிடம் பேசினானே, அதே தரிசனம். வந்துவிட்டது. நாற்காலி அசையவில்லை.

'அவன் எழும்பினான்' என்று எழுத இரண்டு சொல் போதும். எழுதியும் விட்டேன், பாருங்கள். நான் இன்னும் இருந்த இடத்திலேயே இருக்கிறேன்.

ஹார்ன் அடிக்கிறது. மணி ஒன்று ஐந்து. கால் மணி நேர ஓட்டம், இன்னும் போய்ச் சேரலாம். நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்வரை எனக்கு எழுத ஒரு வரி இருந்துகொண்டே இருக்கும். தயவுசெய்து, வாசகரே, இந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.