நிறைந்த குடுவை

…அப்படியே விட்டுவிட்டால்தான் என்ன, யார் கேட்கப்போகிறார்கள், நான் ஒன்றும் செய்யவில்லையே, விஷம் வைக்கவில்லை, குடுவையைக் கீழே தட்டிவிடவில்லை, ஒரே ஒரு படம் எடுத்து எலும்பு டாக்டருக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், குடுவையின் அடி முழுக்க இடுக்கு விடாமல் செல்கள் படர்ந்திருப்பதைப் பார்த்து அவரே மயங்கிவிடுவார், அத்தானும் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஊசிக்குப் படுத்துவிடுவார். அத்தான் என்றால் அக்கா புருஷன். அக்காவைக் கட்டிக்கொண்ட அன்றே எனக்கு 'மூட்டை' என்று பேர் வைத்த மகராசன். அவருடைய தொப்பைக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டெம் செல்கள்தான் இப்போது என் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் மல்லாந்து கிடக்கின்றன. முழங்கால் தேய்ந்துவிட்டதாம், அவர் கொழுப்பிலிருந்தே எடுத்த செல்களை இங்கே சூட்டுப்பெட்டியில் வளர்த்துப் பெருக்கி மூட்டுக்குள் செலுத்தினால் வலி குறையலாமாம். வளர்ப்பது யார்? மூட்டை. குடுவையில் பேர் எழுதுவதில்லை, எண் மட்டும்தான், ஆனால் 'உங்க லேபுக்குத்தான்டி அனுப்பியிருக்காங்க, நம்ம வீட்டு ஆளு, நல்லா பாத்துக்கோ' என்று அக்கா போன் செய்த அன்று எங்களுக்கு வந்தது ஒரே ஒருவரின் வயிற்றுக் கொழுப்புதான். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராதா… ஆனால் இதில் யானை யார், பூனை யார்? அதுவே குழப்பமாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, லேபில் ஒருவருமில்லை, செல்லுக்கு ஏது ஞாயிறு, பசித்தால் தீனி போட்டாக வேண்டும், பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். அதற்குத்தான் வந்தேன். வந்த இடத்தில் இப்படிக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நல்ல செல் எப்படியிருக்கும், மெலிந்து நீண்டு, ஆற்று மீன் கூட்டம் மாதிரி ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நெருக்கியடித்து நிற்கும். இவை? ஒவ்வொன்றும் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு, தட்டையாக, பொரித்த முட்டை கணக்காகக் கிடக்கின்றன. மூவர் உட்காரும் இருக்கையில் ஒருவரே சாய்ந்து படுத்தால் பேருந்து நிறைந்த மாதிரித்தானே தெரியும்… இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஏமாறுவது இங்கேதான். இடம் நிறைந்திருக்கிறது, ஆள் இல்லை. பிரித்தெடுத்துக் கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து எண்ணினால்தான் வண்டவாளம் தெரியும். காலையிலேயே இவற்றோடு கூடவே வளர்த்த ஒரு சின்னக் கிண்ணத்தைப் பிரித்து எண்ணிவிட்டேன், ஊசிக்கு வேண்டியதில் கால்வாசிகூடத் தேறாது. அவற்றையும் குற்றம் சொல்ல முடியாது, பாவம், உடம்பில் கொழுப்பு ஏற ஏற உள்ளே குடியிருக்கிற ஸ்டெம் செல்களுக்கு மூச்சு முட்டுகிறது, சுற்றிலும் ஓயாத அழற்சி, ஓயாத ரிப்பேர் வேலை, காலத்துக்கு முன்னாலேயே கிழடு தட்டி, இனிப் பெருகமாட்டேன் என்று படர்ந்து உட்கார்ந்துவிடுகின்றன, குருத்தெலும்பாக மாறு என்றால் மாறாது, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கிற சரக்கைக் கக்கிக்கொண்டு கிடக்கும். எல்லாக் குண்டர்களுக்கும் இப்படித்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன். இவருக்கு இப்படித்தான். நல்லா வேணும்.

கல்யாணத்தன்று எல்லாரும் குடும்பப் போட்டோவுக்கு நின்றோம், நான் அக்காவின் தோளை ஒட்டி நின்றேன், புதுச் சட்டை, அதுவும் அக்குளில் பிடித்தது, 'அந்த மூட்டையக் கொஞ்சம் ஓரமா நகத்துங்கப்பா, பொண்ணு தெரியல' என்றார். புது மாப்பிள்ளை சொன்னால் சிரிக்காமல் இருக்க முடியுமா, கூடமே சிரித்தது, அப்பா சிரித்தார், அக்கா… அக்காவும்தான், வாயைப் பொத்திக்கொண்டு. இன்றைக்கும் அந்தப் போட்டோ அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது, அதில் நான் ஒரு காது, அரைத் தோள். அதோடு விட்டாரா மனுஷன், நான் லிஃப்டில் ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார், நாற்காலியில் உட்கார்ந்தால் குனிந்து அதன் காலைப் பார்த்து 'தாங்குமா பாவம்' என்பார், வீட்டில் பேர் வைத்தது தெருவுக்குப் போய், தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போய், என் சொந்தப் பேர் வருகைப் பதிவில் மட்டும் மிச்சமிருந்தது. அப்போது அவர் எப்படி இருந்தார் தெரியுமா, ஏணி ஏறி ஒயர் இழுக்கிற எலக்ட்ரீஷியன், அவரே ஏணியில் சாத்திய கொம்பு மாதிரி இருப்பார், பெல்ட்டில் ஆணியால் கூடுதல் ஓட்டை போட்டுக்கொள்வார். இப்போது? அதே பெல்ட் கம்பெனியில் அவ்வளவு பெரிய சைசு இல்லையாம். யாராவது அவரை ஏதாவது சொன்னார்களா? மூச்! ஆம்பளை பெருத்தால் 'நல்லா செழிப்பா இருக்காரு', பொம்பளை பெருத்தால் மூட்டை. நான் பட்டினி கிடந்தேன், ஓடினேன், தலைசுற்றி ரோட்டோரம் உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து ஓடினேன், பாதி உடம்பைத் தொலைத்துவிட்டுப் போய் அக்கா வீட்டு வாசலில் நின்றேன், ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்? 'அடேயப்பா, மூட்டையில இருந்த சரக்கெல்லாம் எங்க போச்சு?' அவ்வளவுதான். சரக்குப் போனாலும் மூட்டை மூட்டைதான்.

சரி, இப்போது என் கையில். பேசாமல் இருந்தேன் என்றால் என்ன ஆகும்? கிழட்டுச் செல்கள் மூட்டுக்குள் போகும், நல்லது ஒன்றும் செய்யாது, முழங்கால் பூசணிக்காயாக வீங்கினாலும் வீங்கும், ஏணி ஏற முடியாது, ஏணி ஏறாத எலக்ட்ரீஷியனை யார் கூப்பிடுவார்கள்… படியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து அவர் முனகுவதை நினைத்துப் பார்க்கிறேன், இனிக்கத்தான் இனிக்கிறது, மறைப்பானேன். அக்கா அழுவாள். அழட்டும். வாயைப் பொத்திக்கொண்டு அழட்டும்… சீ, என்ன புத்தி இது. ஆனால் சீ என்று சொன்ன பிறகும் கை தன்பாட்டுக்குப் படத்தை எடுத்துவிட்டது, அனுப்பியும்விட்டது. வெறும் படம். எண்ணிக்கை இல்லாமல். நானே பார்க்கிறேன், அழகாக இருக்கிறது படம், ஒரு நூல் இடைவெளி இல்லை.

டாக்டர் உடனே கூப்பிட்டார், பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம். "பாத்தேம்மா, ஜம்முனு நிறைஞ்சிருக்கே! நாளைக்கே போட்டுடலாமா?" சரி சார். இரண்டே சொல். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் பொறி தட்டியது, அட மடச்சி, நீ பேசாமல் இருந்தால் அவருக்கு முழங்கால்தானே வலிக்கும், ஏன் வலிக்கிறது என்று தெரியுமா, தெரியாதே, விதி என்பார், டாக்டர் சரியில்லை என்பார்… உண்மையைச் சொன்னால் அல்லவா அவர் முகத்துக்கு நேரே, அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் சொல்வார், நீங்க குண்டா இருக்கீங்க, அதனால உங்க செல்லு லாயக்கில்லை. இதைவிட வேறு என்ன வேண்டும்! "இல்ல சார், பார்வைக்குத்தான் நிறைஞ்சிருக்கு. எல்லாம் கிழடு, படர்ந்து கிடக்கு. எண்ணிப் பாத்துட்டேன், தேறாது. போடாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே கண்ணியமாகக் கேட்டது. "உடல் பருமனாலயா?" என்றார். "ஆமா சார். அதை அவர்கிட்ட தெளிவா சொல்லிடுங்க சார்." தெளிவாக என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன். பழியும் தீர்ந்தது, பாவமும் இல்லை, ஒரு கல், இரண்டு மாங்காய். எழுந்து ஆடலாம் போலிருந்தது, ஆளில்லாத லேபில் யார் பார்க்கப்போகிறார்கள்.

ஆடவில்லை. சூட்டுப்பெட்டியின் கீழ்த்தட்டில் இன்னொரு குடுவை இருக்கிறது, காலையிலிருந்து அதைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன், எதற்கு மழுப்பல், அது என்னுடையது. எங்கள் லேபில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, உடம்பு இளைத்தால் செல்லும் தேறுமா என்று, நான் குண்டாக இருந்தபோது ஒரு தடவை கொழுப்பெடுக்க வயிற்றைக் காட்டினேன், இளைத்த பிறகு இப்போது மறுபடியும். என் முதல் குடுவையும் அத்தான் குடுவையும் ஒரே லட்சணம், அது தெரிந்ததுதான். இது அப்படியிருக்காது, இருக்கக் கூடாது, ஓடிய ஓட்டம் கொஞ்சமா… இன்றைக்கு மனசு குளிர்ந்திருக்கிறது, இதையும் பார்த்துவிடலாம் என்று எடுத்து வைத்துக் குனிந்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக மெலிந்தவை இருக்கின்றன. மற்றதெல்லாம் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு, தட்டையாக. மாற்றி எடுத்துவிட்டேனோ என்று குடுவையைத் திருப்பி எண்ணைப் பார்த்தேன். மாறவில்லை. உடம்பு மறந்துவிட்டது, உள்ளே இருப்பது மறக்கவில்லை. அடிப்பாவி, நீயுமா? யாரைக் கேட்டேன், செல்லையா, என்னையா?

போன் அடித்தது. அக்கா நம்பர். பேசியது அவர். டாக்டர் சொல்லிவிட்டார் போல, சற்று முன்வரை கொண்டாட்டத்துக்கு ஆயத்தமாக இருந்த எனக்கு அந்தக் குரல் பிடிபடவேயில்லை, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "நீதான் வேண்டாம்னு நிறுத்துனியாமே. டாக்டர் சொன்னாரு" என்றார். ம் என்றேன். "போன்லயே எல்லாத்தையும் சொன்னாரு. உங்க அக்கா பக்கத்துலதான் இருந்தா." நான் ஆசைப்பட்டது, வெள்ளைக் கோட்டு ஒன்றைத் தவிர, அச்சுப் பிசகாமல் நடந்திருக்கிறது, சொல்லுங்கள் அத்தான், எப்படி இருந்தது, அக்கா வாயைப் பொத்தினாளா… எதுவும் கேட்கவில்லை நான். அவர் மூச்சு வாங்கியது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாங்குகிறது. "ஒண்ணு கேக்கட்டுமா? நீதான் இளைச்சுட்டியே, உன்னோடதெல்லாம் இப்ப நல்லாயிருக்கும்ல? நானும் உன்ன மாதிரி இளைச்சுட்டேன்னா… அதுங்க சரியாயிடுமா? திரும்ப ஏணி ஏறிடுவேன்ல?"

குடுவை இன்னும் மைக்ரோஸ்கோப்பிலேயே இருந்தது. இல்லை அத்தான், என்னுடையதும் உங்களுடையதும் ஒன்றுதான் என்று சொன்னால் அது உண்மை. அதைச் சொல்ல என்னால் முடியாது, செத்தாலும் அவரிடம் சொல்லமாட்டேன். "ஆமா அத்தான். சரியாயிடும்" என்றேன். எதற்காகச் சொன்னேன்? பாவம் என்றா, நான் கிடந்த பட்டினியை அவரும் கிடக்கட்டும் என்றா, என் குடுவையை மறைக்கவா… மூன்றும் இருந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

"சரிம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார், அதோடு நிறுத்திக்கொண்டார். வழக்கமாக வருகிற அந்தப் பேர் இன்னும் வரவில்லையே என்று நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன், அவர் எப்போதோ வைத்துவிட்டிருந்தார்.