மீனுக்கு வந்த ஐஸ்

காரைக்கால் பின்தங்கிய பகுதிதானா என்று பார்த்துச் சொல்ல தில்லியிலிருந்து ஒரு குழு வரப்போவதாகக் காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்கு வந்து அறிவித்தவர் தங்கையன். மீன் ஏலம் முடிந்து கூட்டம் கலையாமல் நின்ற நேரம். ஆமாம், பின்தங்கியதுதான் என்று குழு எழுதிக் கொடுத்தால் தொழில் தொடங்க அரசாங்கம் மானியம் கொடுக்குமாம்.

"இதப் பாத்துச் சொல்ல டெல்லியிலேருந்தா ஆளு வரணும்? ஏலத்துக்கு வர்ற காக்காயக் கேட்டாலே சொல்லுமே" என்றாள் மீன்காரி சலோமி.

கூடைக்காரப் பெண்கள் சிரித்தார்கள். தங்கையனும் சிரித்தார். காரியம் ஆக வேண்டியிருந்தால் அவர் எதற்கும் சிரிப்பார்.

தங்கையனுக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிராந்திக் கடை. தமிழ்நாட்டில் மதுவிலக்கு திரும்பி வந்ததிலிருந்து அவருக்கு யோகம்தான். மாயவரத்திலிருந்தும் திருவாரூரிலிருந்தும் நேராக வந்து இறங்கிய ஆண்கள் சாயங்கால பஸ்ஸில் சாய்ந்துகொண்டு திரும்பிப் போனார்கள். மிச்ச நேரத்தில் தங்கையன் ஊரை முன்னேற்றினார். தொழில் வளர்ச்சிச் சங்கம் என்று ஒன்று வைத்து அதற்கு அவரே தலைவர். சங்கத்தில் வேறு யார் இருந்தார்கள் என்று அவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

"குழுகிட்ட மொத கோரிக்கையே ஒங்க கரைக்கு ஒரு ஐஸ் பாக்டரி. வேற எதுவும் கேக்கப் போறதில்ல" என்றார்.

அதைக் கேட்டதும் சலோமி சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஐஸ் என்றால் அவளுக்கு விளையாட்டில்லை.

அவள் புருஷன் மரியசூசையின் கட்டுமரம் விடியும்போது கரை சேரும். கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் டவுன் தெருக்களில் நடப்பாள். வெயில் ஏற ஏற மீனின் செவுள் வெளுக்கும், கண் குழியும். பதினோரு மணிக்கு மேல் எவளும் கதவைத் திறக்க மாட்டாள். மிஞ்சியதைக் கரைக்கே சுமந்து வந்தால் கருவாட்டு வியாபாரி நூகு பாய் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நல்ல மனுஷர்தான், ஆனால் விலை பேச மாட்டார். அவருக்காக வெயில் பேசிவிடும். வஞ்சிரமாக எடுத்த மீனை உப்புக்குப் போகும் விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு மத்தியானமும் சலோமிக்கு வயிறு எரிந்தது. ஐஸ் இருந்தால் அதே மீனைச் சாயங்கால பஸ்ஸில் கும்பகோணம் மார்க்கெட்டுக்கு ஏற்றிவிடலாம். நாகப்பட்டினத்தில் ஐஸ் கிடைத்தது. பஸ்ஸில் போய் வாங்கிக் கொண்டுவருவதற்குள் பாதி கரைந்துவிடும், மீதிப் பாதிக்குக் கொடுத்த விலை மீனில் வருகிற லாபத்தைக் கரைத்துவிடும்.

அதனால் தங்கையன் "விருந்துக்கு மீன் நீதான் கொண்டாரணும் சலோமி. வாயில வச்சதும் அசந்துடணும்" என்று சொன்னபோது, அவள் உடனே ஒத்துக்கொண்டாள்.

குழு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மரியசூசை கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை மீன்தான்.

"அப்படியே கொண்டு போ. மோந்து பாக்கட்டும். அதப் பாக்கத்தானே வர்றாங்க" என்றான் மரியசூசை.

"நல்லாருக்குய்யா ஒன் ஞாயம்! விருந்தாளி எலையில நாறின மீன வைக்கிறதா? காரைக்கால்மேட்டு மீனு இப்படித்தான்னு டெல்லி பூரா பேச மாட்டான்?"

சொல்லிவிட்டுப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நாகப்பட்டினம் பஸ் ஏறினாள். மரத்தூளில் புதைத்துச் சாக்கில் கட்டிய ஐஸோடு திரும்பி வந்தாள். சாக்கு சொட்டச் சொட்ட, கண்டக்டர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். அவள் காதில் வாங்கவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்ற நினைப்பில் மனுஷிக்கு அன்றைக்கு ரோஷமே வரவில்லை.

விருந்து சொல்தா ஓகுஸ்தேன் வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்து, பிரான்சு பென்ஷனில் ராஜாவாக வாழ்ந்த மனிதர். அவர் வீட்டுக் கூடமும் பீங்கான் தட்டுகளும் வேறு யாரிடமும் இல்லை என்பதால் தங்கையன் கேட்டார். தட்டுகளைக் காட்ட ஒரு சாக்குக் கிடைத்ததென்று ஓகுஸ்தேனும் கொடுத்தார். எதற்காக வருகிற குழு என்று அவருக்குச் சரியாகச் சொல்லவில்லை. விருந்து நடுவில்தான் தெரிந்தது.

"பின்தங்கிய ஊரா? யாரு சொன்னது? பிரான்சு காலத்துலயே இந்த ஊருல எல்லாம் இருந்துச்சு முசியே! இந்தத் தட்ட எடுத்துப் பாருங்க. பிரான்சுல மர்செய் துறைமுகத்துலேருந்து கப்பல்ல வந்தது" என்று அவர் முகம் சிவக்க வாதாடினார். குழுவினர் தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தட்டு பின்தங்கியிருக்கவில்லை.

அடுக்களை வாசலில் நின்று சலோமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் மூன்று பேர். காலையில் கடற்கரைக்கு வருவதாகத்தான் ஏற்பாடு. வெயில் அதிகம் என்று காரை விட்டு இறங்கவில்லை. கார்க் கண்ணாடி வழியே கடல் தெரிந்ததே, போதாதா! குழுத் தலைவர் தில்லிக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்ட ஒரு தமிழர். வறுத்த வஞ்சிரத்தில் மூன்றாவது துண்டை முடித்துவிட்டு விரலைத் துடைத்தார்.

"மீன் இவ்வளவு நல்லா இருக்கே. இன்னைக்குப் பிடிச்சதா?"

தங்கையன் சலோமியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். இதற்குத்தானே அவள் காலையிலிருந்து காத்திருந்தாள்!

"நேத்துப் புடிச்சதுங்க. நாகப்பட்டணத்துலேருந்து ஐசு வாங்கியாந்து போட்டு வச்சேன். ஐசு இல்லாட்டி நேத்து மத்தியானமே கெட்டிருக்கும். எங்க கரையிலயே ஐசு இருந்தா எங்க பொழப்பே வேற மாதிரி ஆயிடும்ங்க ஐயா" என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

தலைவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். தலையைக்கூட ஆட்டினார்.

"நாகப்பட்டினம் பக்கம்தானே?"

"பக்கந்தாங்க. ஆனா பஸ்ஸுல போயி..."

"அப்போ ஐஸ் கிடைக்குது" என்று பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் திரும்பினார். "மீன் நல்ல நிலையில இருக்கு. குளிர்பதன வசதி எட்டுற தூரத்துல இருக்கு. போட்டுக்குங்க."

சலோமி வாயைத் திறந்தாள். "சரி, நீ போய் நண்டக் கொண்டா" என்றார் தங்கையன்.

அவள் கையாலேயே வாங்கி, அவள் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஐஸ் அவள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மரியசூசை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனை நன்றாகத் திட்டித் தீர்த்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

காரைக்கால் பின்தங்கிய பகுதி என்று சில மாதங்களில் ஆணை வந்தது. அதில் குழு தாராளமாகவே இருந்தது. ஊரில் யார் பின்தங்கியவர் என்பதில்தான் கொஞ்சம் யோசித்துவிட்டு, தங்கையன் என்று முடிவு செய்தார்கள். கரைக்கு ஐஸ் தேவையில்லை. ஆனால் டவுனில் ஐஸ் தொழிலுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறதாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பிராந்திக் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தங்கையனின் ஐஸ் பாக்டரி எழுந்தது. வாசல் பலகையில் 'மீனவர் நலனுக்காக மத்திய அரசு மானியத்துடன்' என்று எழுதி, கீழே ஒரு மீனையும் வரைந்திருந்தார்கள். நன்றாகக் கொழுத்த மீன். அந்த பாக்டரிக்கும் மீனுக்கும் இருந்த சம்பந்தம் அந்தப் படத்தோடு முடிந்தது.

சலோமி அதையும் நம்பிப் போனாள். டவுனாக இருந்தால் என்ன, நாகப்பட்டினத்தைவிட இது பக்கம்தானே என்று காலி சாக்கோடு போய் நின்றாள். உள்ளே பாளம் பாளமாக ஐஸ் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கைவண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் பிராந்திக் கடைகளுக்கும் சோடா கம்பெனிக்கும் போகிற வண்டிகள்.

"கடைக்குப் போக மிச்சம் இருந்தாத்தாம்மா. சாயங்காலம் வந்து பாருங்க" என்றான் பில் போடுகிறவன்.

"சாயங்காலம் என் மீனு நூகு பாய் உப்புத் தொட்டியில கெடக்கும் தம்பி. அப்ப ஐசு எதுக்கு, என் தலையில வச்சுக்கவா?"

"அதுக்கு நான் என்னம்மா செய்யிறது?"

அவனைச் சொல்லி என்ன! தங்கையனிடமே போய்க் கேட்டாள். அவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. காரியம் முடிந்துவிட்டதல்லவா. "வியாபாரம்னா முன்னபின்னதான் இருக்கும். அனுசரிச்சுப் போ" என்றார். மாயவரத்துக் குடிகாரன் தொண்டைக்குள் பிராந்தி சில்லென்று இறங்குவதற்காக, கரையில் பாரை மீன் வெயிலில் ஊதிக்கொண்டிருந்தது. இரண்டு கோடைக்காலம் அவளும் அனுசரித்துப் போனாள்.

மூன்றாம் கோடையில் குழு மறுபடி வந்தது. மானியத்தால் விளைந்த முன்னேற்றத்தைப் பார்க்க வருகிறார்களாம். அதே தலைவர், அதே ஓகுஸ்தேன் வீடு, அதே தட்டு. மீனும் அதே மீன்காரியிடமிருந்துதான் வர வேண்டும் என்று தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார். வேலையை மறந்தாலும் வஞ்சிரத்தை மறக்காத மனிதர்.

"கொண்டாறேன்" என்றாள் சலோமி.

அன்று காலை ஏலத்தில் எடுத்த வஞ்சிரத்தை அவள் கூடையில் அடுக்கி, வழக்கமாகக் கூடை இருக்கும் இடத்தில், வழக்கமான வெயிலில் வைத்தாள். அதற்கு அவள் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. தினமும் நடப்பதை நடக்கவிட்டாள், அவ்வளவுதான். சமையலுக்கு நேரமாகிறது என்று தங்கையன் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். "வருதுன்னு சொல்லு" என்று இரண்டு தடவையும் சொல்லி அனுப்பினாள். மத்தியானம், கூடையை வாழையிலையால் மூடித் தலையில் வைத்துக்கொண்டு டவுனுக்கு நடந்தாள்.

ஓகுஸ்தேன் வீட்டில் கூடம் கலகலப்பாக இருந்தது. மேசையில் தட்டுகள், கண்ணாடித் தம்ளர்கள், தங்கையன் கடையின் உயர்ந்த பிராந்தி. நடுவில் ஒரு பெரிய பக்கெட் நிறைய உடைத்த ஐஸ். தங்கையன் பாக்டரியின் முன்னேற்றம் அதில் பளபளத்தது.

சலோமி அடுக்களைப் பக்கம் போகவில்லை. நேராகக் கூடத்துக்குள் வந்து மேசைமேல், மர்செய்த் தட்டுகளுக்கு நடுவே கூடையை இறக்கி இலையை எடுத்தாள்.

ஈக்கள் எழுந்தன. வாடை அதற்கு முன்பே எழுந்திருந்தது. தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். ஓகுஸ்தேன் "மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே தட்டுகளை அள்ளினார்.

"என்னாடி இது?" என்று கத்தினார் தங்கையன்.

"மீனுங்க. போன தடவ நாகப்பட்டணத்து ஐசுல வச்ச மீனு கொண்டாந்தேன். அது என் தப்பு. இது எங்க ஊரு மீனு. காலையில புடிச்சது, இப்ப இப்படி இருக்கு. தெனமும் இப்படித்தான் இருக்கும். ஐயா பாக்கணும்னுதானே இம்புட்டு தூரம் வந்தீங்க? நல்லாப் பாருங்க."

"இங்கதான் ஐஸ் பாக்டரி இருக்கே" என்றார் தலைவர் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"இருக்குங்க. போர்டுல மீனு படங்கூடப் போட்டிருக்கு."

சொல்லிக்கொண்டே மேசை நடுவிலிருந்த பக்கெட்டை எடுத்தாள். தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதற்குள் மொத்த ஐஸையும் கூடையில் கவிழ்த்தாள். ஐஸ் கலகலவென்று மீன்மேல் விழுந்தது.

"மீனுக்குன்னு வந்த ஐசு மீனு மேல விழுந்தது இன்னைக்குத்தான்ங்க. மீனுதான் கெட்டுப் போச்சு."

இலையைப் போட்டு மூடினாள், கூடையைத் தலைக்கு ஏற்றினாள், வெளியே நடந்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது ஐஸ் கரைந்து பின்னங்கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. நல்ல சில்லிப்பு. இரண்டு வருஷத்து மானியத்தில் அவள் கண்ட பலன் அதுதான். கரை போய்ச் சேருவதற்குள் அதுவும் தீர்ந்துவிட்டது. கண் எரிந்தது. வியர்வை என்று துடைத்துக்கொண்டாள்.

குழுவினர் அன்று கோழி தின்றார்கள். பாக்டரி ஐஸ் எல்லாம் அதற்குள் கடைகளுக்குப் போயிருந்ததால் பிராந்தியை வெதுவெதுவென்று குடித்தார்கள். அந்தக் கஷ்டம் அவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அறிக்கையில் காரைக்காலில் கடுமையான ஐஸ் பற்றாக்குறை நிலவுவதாகவும், குழுவே அதை நேரில் அனுபவித்ததாகவும் எழுதினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் பாக்டரியை விரிவுபடுத்தத் தங்கையனுக்கு இரண்டாவது மானியம் வந்தது.

செய்தியைக் கரைக்குக் கொண்டுவந்தவன் மரியசூசை. "போன தடவ நீ ஐசு வச்சதால அவனுக்குக் கெடச்சுது. இந்தத் தடவ ஐச எடுத்ததால கெடச்சுது. ஒன்னால அந்த ஆளு ரொம்ப நல்லாருக்கான் புள்ள" என்றான்.

சலோமி நூகு பாயின் குடையைப் பார்த்தாள். அது விரிந்து தயாராக இருந்தது.

"இருக்கட்டும். அடுத்த தடவ மேசையில ரெண்டு பக்கெட்டு வப்பான்ல" என்றாள்.

செவுள் வெளுத்த மீனைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போய் நூகு பாயின் முன்னால் கவிழ்த்தாள்.