மௌனத்தைக் கேட்ட நாற்பத்தேழு பேர்

காலையில் நானே என் வானொலியின் வாயை அடைத்தேன். கிளீவ்லாந்தில் எங்கள் வீட்டின் கீழறையிலிருந்து ஏழு வருடமாக இணையத்தில் போல்கா பாட்டு, அதாவது அக்கார்டியன் என்ற துருத்திப்பெட்டி வாசிக்கும் ஆட்டப்பாட்டு, போடுகிறவன் நான். வாஷிங்டனில் நீதிபதிகள் புதிய உரிமத்தொகை விதித்திருந்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும், அதைக் கேட்கும் ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு என்று. ஆள் சேரச் சேர நான் மூழ்க வேண்டியதுதான். சிம்பொனி போடுகிறவன் ஒரே உருப்படியில் அரைமணி ஓட்டிவிடுவான். எங்கள் போல்காவோ இரண்டரை நிமிடத்தில் முடிந்து தொலைக்கும். அக்கார்டியன்காரனுக்கும் வயிறு இருக்கிறது, கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்க நான் மிஞ்ச வேண்டாமா?

தொகையைக் குறைக்கும் மசோதா ஒன்று சபையில் கிடந்தது. அதற்காகத்தான் இணைய வானொலிகள் எல்லாம் சேர்ந்து அன்று ஒருநாள் மௌனம். "நாளைக்குப் பாட்டு வராதுங்க. நம்ம தொகுதி உறுப்பினருக்கு போன் போட்டு மசோதாவுக்குக் கைதூக்கச் சொல்லுங்க. இல்லேன்னா என்னைக்குமே வராது" என்று முந்தின நாள் முழுக்கக் கெஞ்சியிருந்தேன்.

திரையில் கேட்பவர் எண்ணிக்கை நாற்பத்தேழு. பாட்டு நின்றும் குறையவில்லை. மதியமும் நாற்பத்தேழு. வெறும் மௌனத்தைக்கூட விடாமல் கேட்கிறார்களே, இவர்களுக்காகக் கடன்பட்டாலும் தகும் என்று நினைத்தேன். முட்டாள்.

சாயங்காலம் உறுப்பினரின் அலுவலகத்துக்கு போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதைக்காரி.

"போல்கா வானொலியா? ஆமா சார், ஒருத்தங்க பேசினாங்க."

"ஒருத்தங்கதானா?"

"ஒரு அம்மா. மார்லீன்னு பேரு. என்னைப் பேசவே விடல சார், அந்தத் திட்டு திட்டினாங்க."

மார்லீன் என் மனைவி.

மனசு நிறைந்துபோய்ப் படியேறினேன். அவள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கணினியில் என் வானொலிப் பக்கம் திறந்திருந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தவன் அப்போதுதான் பார்த்தேன், ஒலியை அடியோடு குறைத்து வைத்திருந்தாள்.

"இன்னைக்குத்தான் பாட்டே இல்லையே, எதுக்குக் குறைச்சே?"

"இன்னைக்கா? கிறிஸ்துமஸ்ல இருந்தே அப்படித்தான் இருக்கு. நாள் பூரா அக்கார்டியன் கேட்டா மனுஷிக்குப் பைத்தியம் புடிச்சிரும் ரூடி. மூடிட்டா உனக்கு ஒரு ஆள் குறையும், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்குவ. அதான் விட்டு வச்சேன்."

"இனிமே அந்த ஒரு ஆளுக்கும் பாட்டுக்குப் பாட்டு நான் காசு அழணும், தெரியுமா?"

ஏன் அப்படிச் சொன்னேன்? எவனும் எட்டிப் பார்க்காத எனக்காக ஒருத்தி தொண்டை கிழியச் சண்டை போட்டிருக்கிறாள். அவளிடம் போய்க் கணக்குப் பேசினேன். மார்லீன் கத்தியைக் கீழே வைத்தாள்.

கீழே இறங்கி வந்தேன். மீதி நாற்பத்தாறு பேரும் எந்தப் பட்டறையில், எந்தப் பல் வைத்தியர் வரவேற்பறையில் இப்படி ஒலியடங்கிக் கிடக்கிறார்களோ. வாயெல்லாம் கசந்தது. மௌன நாள் முடிய இன்னும் நேரம் இருந்தது, எனக்குப் பொறுக்கவில்லை. இருப்பதிலேயே நீளமான பாட்டைத் தேடிப் போட்டேன்.

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரையில் நாற்பத்தேழு, நாற்பத்தாறு ஆனது.