மூக்குடைந்த பீங்கான் தட்டு

ஹில்டா டீச்சரின் கணவருக்கு மாலை போடப் போய், அவர் மூக்கை உடைத்துவிட்டேன்.

சேலையூரில் டீச்சர் வீட்டு மாடிக்கு நான் குடிவந்து மூன்று மாதம். அன்று டீச்சரின் கணவர் சத்தியநாதன் சாரின் முதல் வருஷ நினைவு நாள். மீட்டர் பார்க்க ஆள் வருவான் என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு டீச்சர் சர்ச்சுக்குப் போயிருந்தார். திரும்பி வரும்போது அசந்து போகட்டுமென்று சம்பங்கி மாலை வாங்கி வந்தேன். பியானோவுக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. அதில் கலைந்த தலையோடு ஒருவர் முகம் புடைத்திருந்தது. வீட்டிலிருந்த ஒரே ஆண் முகம் அதுதான். சாரை நான் பார்த்ததில்லை. பீங்கானில் யாராயிருந்தாலும் வெள்ளையாகத்தானே இருப்பார்?

மாலையின் கனத்துக்கு ஆணி ஒத்துழைக்கவில்லை.

மூக்கைப் பொறுக்கிய பிறகுதான் தட்டின் முதுகைப் பார்த்தேன். 1770–1970. சார் இருநூறு வயது வாழ்ந்தாரா என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. எனக்கு எதுவும் உடைந்த பிறகுதான் விளங்கும்.

பாத்திரம் தேய்க்க வந்த தனக்கோடியைக் கேட்டேன்.

"எனுக்கு இன்னா தெரியும் சார்? எப்பப் பார்த்தாலும் மொறைச்சினே கீறாரு. தொடைச்சிட்டு நான் பாட்டுக்குப் போய்னே இருப்பேன். ஆமா, மூக்கு எங்க?"

பக்கத்து வீட்டு தேவானந்தம் சர்ச்சில் பாடுகிறவர். தட்டோடு அவரிடம் ஓடினேன்.

"பெரிய மனுஷர் சார்."

"டீச்சர் வீட்டுக்காரரா?"

அவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. "சத்தியநாதனுக்கு அந்தத் தட்டுன்னா உசுரு. மத்ததை டீச்சர்கிட்டயே கேளுங்க. காலி பண்ணச் சொன்னா எங்க வீட்டுப் பின்பக்கம் ஒரு ரூம் இருக்கு."

டீச்சர் வந்தபோது ஒரு கையில் தட்டு, மறு கையில் மூக்கு, தோளில் மாலையோடு கூடத்தில் நின்றேன். மாப்பிள்ளை அழைப்புக்கு வழிதவறியவன் போலிருந்திருப்பேன்.

"டீச்சர், இவர் யார்?"

அவர் மூக்கை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பீத்தோவன். ஜெர்மன்காரர், இசை எழுதினவர். அவர் பிறந்து இருநூறு வருஷம் ஆனதுக்குப் போட்ட ஞாபகத் தட்டு இது. காது கேக்காமப் போன பிறகும் எழுதினார். எங்க வீட்டுக்காரருக்கும் கடைசியில காது கேக்கலை. நான் வாசிக்கறப்போ பியானோ மேல கையை வெச்சுக்கிட்டு இவரையே பார்த்துட்டிருப்பார்."

"அப்போ நான் மாலை போட்டது தப்பா டீச்சர்?"

"தப்புதான். எங்க வீட்டுல படத்துக்கு மாலை போடமாட்டோம். எனக்குக் கோபமும் இருக்கு. ஆனா சாயங்காலம் கல்லறைக்குப் பூ வேணும். அந்த மாலையை எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க. மூக்கு விஷயத்தை அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."