மாப்பிள்ளை செய்த துப்புரவு

லாண்டரியம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. கறை போகாது என்றால் போகாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். சட்டைக்குச் சொந்தக்காரர் வக்கீலாக இருந்தாலும் சரி, போலீசாக இருந்தாலும் சரி. அப்பேர்ப்பட்டவள் ஒரு வாரமாகத் தினமும் சாயங்காலம் போனில் ஒரே பொய்யைக் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கேம் எப்படி ஓடுது அத்தை?"

"பிரமாதமா ஓடுதுங்க மாப்பிள்ளை."

எங்கே ஓடியது? திறக்கவே இல்லை. கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டின் படத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டினால் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிச் சுற்றி நம்பிக்கை கொடுத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிடும். அவ்வளவுதான். ஒரு குற்றச்சாட்டு, ஒரு விளக்கம், ஒன்றும் கிடையாது.

வீட்டை ஒட்டியே அவளுடைய சலவைக் கடை. கடையின் கல்லாவுக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் வரிசையாகத் தொங்கும் அறை. அந்தக் கோட்டுகளுக்கு நடுவே ஒரு மேஜை போட்டு, அதில்தான் அவளுடைய கம்ப்யூட்டர் இருந்தது. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அங்கே உட்கார்ந்தால் அவள் லாண்டரியம்மா இல்லை, டிரைவரம்மா. தீயணைப்பு வண்டி விளையாட்டு. நாலு பேர் ஒரு குழு. ஒருவர் வண்டி ஓட்ட வேண்டும், ஒருவர் குழாயைப் பிடிக்க வேண்டும், ஒருவர் ஏணி ஏற வேண்டும், ஒருவர் வழி சொல்ல வேண்டும். வண்டி ஓட்டுவது இவள். குழாய் ஒரு பல் டாக்டரம்மாவிடம், ஏணி ஒரு தபால்காரரிடம், வழி சொல்வது ஒரு காலேஜ் பெண். யார் முகத்தையும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் டாக்டரம்மாவுக்கு முட்டிவலி வந்த கதையும், தபால்காரரை நாய் துரத்திய கதையும் எல்லோருக்கும் தெரியும்.

இந்த நாலு பேரும் விழுந்து எழுந்து, பல கட்டிடங்களைச் சாம்பலாக்கி, ஒருவழியாக இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தார்கள். அது இன்று நாலு மணிக்கு. மூன்று பேராக வரும் குழுவை உள்ளேயே விடமாட்டார்கள். நாலு மணிக்குள் விளையாட்டு திறக்காவிட்டால் நாலு பேர் பட்ட பாடும் சோப்பு நுரையாகப் போய்விடும். அதற்குத் தானே காரணம் என்று ஆகிவிடுமே என்பதுதான் அவளுடைய பெரிய கவலை.

இத்தனைக்கும் நோய் என்ன என்று தெரியாமல் இல்லை. டாக்டரம்மா பல்லைப் பார்க்கிற பொறுமையோடு கேள்வி மேல் கேள்வி கேட்டுக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். அந்த விளையாட்டு ஓட வேண்டுமானால் சில துணைக் கோப்புகள் வேண்டும். பட்டியலில் அவை ஒரே பெயரில் வரிசையாக நிற்கும், வருஷம் மட்டும்தான் மாறும். பார்க்கிறவர்களுக்கு, ஒரே சட்டையை யாரோ பத்துத் தடவை சலவைக்குப் போட்டதுபோல இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மாப்பிள்ளை, "அத்தை, உங்க கம்ப்யூட்டர்ல ஒரே குப்பை" என்று சொல்லி, துப்புரவு செய்யும் புரோகிராம் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் புண்ணியவான் புரோகிராம் பழைய வருஷத்துக் கோப்புகளை எல்லாம் வேண்டாதது என்று வாரிக் கொட்டிவிட்டது. சரி, திரும்பப் போடலாம் என்றால், போட்டதும் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துத் திறக்க வேண்டும். திறந்த உடனே துப்புரவுக்காரர் துடைப்பத்தோடு வந்து நிற்பார். மறுபடி வாரிக் கொட்டுவார். அவரை வேலையை விட்டு நீக்கலாம் என்றால் பாஸ்வேர்டு கேட்டார். அது மாப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும்.

கேட்டால் போயிற்று என்று நீங்கள் சொல்வீர்கள். அங்கேதான் சிக்கல். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அதிகம் பேசமாட்டார். கல்யாணமான புதிதில் ஒருநாள், படம் மாட்ட ஆணி அடிக்கிறேன் என்று ஆசையாக வந்தார். ஆணி, படம், கொஞ்சம் சுவர் எல்லாம் சேர்ந்து கீழே வந்துவிட்டன. லாண்டரியம்மாவின் வீட்டுக்காரர் சும்மா இருக்காமல், "மாப்பிள்ளைக்கு எலும்பைப் படம் பிடிக்கத்தான் வரும்போல, படத்தை மாட்ட வராது" என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு மாசக்கணக்கில் மாப்பிள்ளை இந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. டியூட்டி அதிகம் என்று மகள் சொன்னாள். யார் நம்பினார்கள்? அன்றிலிருந்து வீடே அவரைக் கண்ணாடிச் சாமான் மாதிரி கையாண்டுவந்தது.

இன்றைக்கும் மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளை கை கழுவப் போன நேரத்தில் லாண்டரியம்மா வீட்டுக்காரரை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"என்னங்க, எப்படியாவது அந்தப் பாஸ்வேர்டை வாங்கிக் குடுங்க. மனசு நோகாம கேளுங்க."

"நான் பாத்துக்கறேன்" என்று அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். "மாப்பிள்ளை, வயசாகுது பாருங்க, ஞாபகமெல்லாம் மறந்துபோகுது. அந்தத் துப்புரவு பாஸ்வேர்டை ஒரு காகிதத்துல எழுதி வச்சுக்கிட்டா நல்லதுதானே?"

"பாஸ்வேர்டை மட்டும் காகிதத்துல எழுதவே கூடாது மாமா" என்றார் மாப்பிள்ளை. வழக்கமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், இந்த விஷயத்தில் மட்டும் மடை திறந்தார். வீட்டுக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"அம்மா, பேசாம உண்மையைச் சொல்லிடேன்" என்றாள் மகள்.

"உனக்கென்னடி, சொல்லிட்டுப் போயிடுவே. அப்புறம் அவர் இந்த வாசல் மிதிக்கலைன்னா?"

அதற்குள் கோட்டுகளுக்கு நடுவிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "அத்தை, இன்னைக்கு உங்களுக்குப் போட்டி இருக்குல்ல? வாங்க, நீங்க விளையாடறதை நான் ஒரு தடவை கூடப் பாத்ததில்லை."

லாண்டரியம்மா வேறு வழியில்லாமல் போனாள். உட்கார்ந்தாள். இரண்டு தட்டுத் தட்டினாள். வட்டம் சுற்றியது, மறைந்தது.

"என்னாச்சு?"

"இன்னைக்குத்தாங்க" என்று அவள் மென்று முழுங்கினாள். "இப்பத்தான். இதுவரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு."

மாப்பிள்ளையின் முகத்தில் விளக்கு எரிந்ததைப் பார்க்க வேண்டுமே! "நகருங்க அத்தை, நான் பாக்கறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்தார். பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். திரைக்குப் படம் அனுப்புகிற கார்டுக்குப் புதிய மென்பொருள் இறக்கினார்; அது மெதுவாக, ஊர்வலம் போவதுபோல இறங்கியது. எதற்கும் வட்டம் மசியவில்லை.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. முதல்ல நல்லா ஒரு துப்புரவு பண்ணிடுவோம்" என்று சொல்லி, அந்தப் பாழாய்ப்போன புரோகிராமையே மறுபடி ஓடவிட்டார்.

"பரவாயில்லைங்க மாப்பிள்ளை, மெதுவாப் பாருங்க" என்றாள் லாண்டரியம்மா. அவள் கையில் இருந்த கம்பி ஹேங்கர் நெளிந்து வேறு ஏதோ ஆகியிருந்தது. கடிகாரம் நாலை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது மேஜை மேல் இருந்த அவளுடைய போன் அடித்தது. அவள் கை நீட்டுவதற்குள், உதவுகிற மனசோடு மாப்பிள்ளையே எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"டிரைவரம்மா!" டாக்டரம்மாவின் குரல் கோட்டுகளை எல்லாம் அசைத்தது. "பாஸ்வேர்டு வாங்கினீங்களா இல்லையா? மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது, நோகக் கூடாதுன்னு ஒரு வாரமா நீங்க அழுதது போதும். அந்த மனுஷன் போட்ட துடைப்பக்கட்டையை முதல்ல தூக்கி வெளிய எறியுங்க! கேமையே தின்னுட்டு உக்காந்திருக்கு!"

மகள் கூரையைப் பார்த்தாள். வீட்டுக்காரர் பக்கத்தில் தொங்கிய யாரோ ஒருவருடைய கோட்டில் பட்டன் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஆரம்பித்தார். லாண்டரியம்மாவுக்குப் பூமி பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

"ஒரு வாரமாவா?" என்றார் மாப்பிள்ளை. காது இரண்டும் சிவந்துவிட்டன. "தினமும் கேட்டேனே அத்தை."

அவர் திரையைப் பார்த்தார். அவமானம் வந்தால் சிலருக்குக் கோபம் வரும், சிலருக்கு அழுகை வரும். இவருக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. "இருங்க. நான் கெடுத்ததை நானே சரி பண்றேன். மொத்தமா எல்லாத்தையும் அழிச்சிட்டு, முதல்லேருந்து புதுசாப் போட்டுடறேன்" என்று படபடவென்று எதை எதையோ அழுத்தினார். முழுவதையும் அழித்துவிடவா என்று திரை கேட்டது. அவருடைய விரல் 'ஆம்' என்பதை நோக்கிப் போனது.

முழுவதும் அழிந்தால் இன்றைக்கு மட்டுமல்ல, இந்த வாரமே விளையாட்டு கிடையாது.

"டேய்! எடுடா கையை!"

கத்தியது யார் என்று லாண்டரியம்மாவே திரும்பிப் பார்த்திருப்பாள், அவ்வளவு சத்தம். மாப்பிள்ளை இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார். எக்ஸ்ரே அறையில் மற்றவர்களை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்கிறவர், இப்போது தானே அப்படி இருந்தார்.

"ஐயையோ, மாப்பிள்ளை" என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தெரியாம வாய்ல வந்திடுச்சுங்க, நான்..."

"அதை விடுங்க அத்தை" என்றார் அவர், கையை இறக்காமலே. "என்ன பண்ணணும், சொல்லுங்க. அதை மட்டும் பண்றேன்."

அவள் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல 'வேண்டாம்'னு அழுத்துங்க. அப்புறம் அந்தத் துடைப்பத்தை எடுங்க."

பாஸ்வேர்டு போடும்போது எல்லோரும் மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். துப்புரவுக்காரர் வெளியே போனார். போகும்போதுகூட, நிஜமாகவே என்னை நீக்கத்தான் வேண்டுமா என்று பரிதாபமாகக் கேட்டுவிட்டுத்தான் போனார். டாக்டரம்மா போனில் ஒவ்வொரு வருஷமாகச் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை ஒவ்வொரு கோப்பாகப் போட்டார். அணைத்தார். திறந்தார். துடைப்பம் வரவில்லை.

லாண்டரியம்மா இரண்டு தட்டுத் தட்டினாள். வட்டம் சுற்றியது. மறைந்தது. திரை கறுத்தது. வீட்டுக்காரர் "போச்சு" என்றார்.

அடுத்த நொடி தீயணைப்பு வண்டியின் சைரன் அலறியது. மகள் துள்ளிக் குதித்து இரண்டு கோட்டுகளைக் கீழே தள்ளினாள். டாக்டரம்மா அதே போனில் சேர்த்துவிட்டிருந்த தபால்காரரும் காலேஜ் பெண்ணும் கூச்சல் போட்டார்கள். "ஏறுங்க, ஏறுங்க, ஆரம்பிக்கப் போகுது!"

ஏறினாள். அதன் பிறகு மாப்பிள்ளை மரியாதையெல்லாம் வண்டிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. "தள்ளி உக்காரு, முழங்கை இடிக்குது." "அந்தத் தண்ணியை எடு." "நீ என்ன பாத்துக்கிட்டே இருக்கே, வலது பக்கம் லாரி வருதான்னு சொல்ல வேண்டாமா?" மாப்பிள்ளை தள்ளி உட்கார்ந்தார், தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், லாரி வருகிறது என்று சொன்னார். ஒரு சந்தில் அவள் வண்டியை நூலிழை இடைவெளியில் திருப்பியபோது, "அத்தே!" என்று அலறி எழுந்தே நின்றுவிட்டார்.

முதலிடம் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். அதெல்லாம் கதையில்தான் கிடைக்கும். மூன்றாவது இடம். ஆனால் கட்டிடம் சாம்பலாகவில்லை, உள்ளே இருந்த எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். டாக்டரம்மா மூக்கை உறிஞ்சுவது போனில் கேட்டது.

எல்லாம் ஓய்ந்த பிறகுதான் லாண்டரியம்மாவுக்கு நிதானம் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

"மனசுல வச்சுக்காதீங்க மாப்பிள்ளை. ஆணி விஷயத்துல நீங்க கோவிச்சுக்கிட்டு வராம இருந்தீங்களே, அதான் இதைச் சொல்ல பயந்துட்டேன்."

"எந்த ஆணி?" மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். "அதுவா? அது நிஜமாவே டியூட்டி அத்தை. ரெண்டு பேர் லீவு."

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள் மகள்.

லாண்டரியம்மாவுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"அப்ப நானும் ஒண்ணு சொல்லலாமா அத்தை?"

"சொல்லுங்க."

"நீங்க ஒவ்வொரு தடவையும் என் சட்டையெல்லாம் துவைச்சு, கஞ்சி போட்டு, தேச்சுக் குடுக்கறீங்களே. அந்தக் கஞ்சி..." காலரைத் தொட்டுக் காட்டினார். "கழுத்தை அறுக்குது. நான் குனிஞ்சா சட்டை குனிய மாட்டேங்குது. மூச்சு விடாம அசையாம நில்லுங்கன்னு பேஷண்ட்டுக்குச் சொல்லிட்டு நான் திரும்பினா, மொடமொடன்னு சத்தம் கேட்டு அவங்க சிரிச்சிடறாங்க. படம் கெட்டுப் போகுது."

லாண்டரியம்மாவின் முகம் மாறியது. இந்தத் தெருவில் அவள் கஞ்சியைக் குறை சொல்லிவிட்டு உயிரோடு திரும்பியவர் கிடையாது. "எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து."

"நான் கேட்டேனே! ஒவ்வொரு தடவையும் எப்படி இருக்குன்னு கேட்டேனே!"

"பிரமாதம்னு சொன்னேன்" என்றார் மாப்பிள்ளை சின்னக் குரலில்.

வீட்டுக்காரருக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. அப்புறம் மகளுக்கு. லாண்டரியம்மா கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் தாங்கவில்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மகளும் மாப்பிள்ளையும் எடுத்துப் போவதற்காகக் கல்லா மேல் தயாராக வைத்திருந்த சட்டைப் பொட்டலத்தை எடுத்து, நூலைப் பிய்த்து, பலகை மாதிரி விறைத்துக் கிடந்த சட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள்.

"சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா உனக்கு?"

மாப்பிள்ளை தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.