குண்டுத் தட்டு

ஆய்வகத்தில் அவளுக்குப் புழு அக்கா என்று பெயர். கண்ணுக்கே தெரியாத குட்டிப் புழுக்களை வளர்த்து, எது எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்று எண்ணுவதுதான் வேலை. இரண்டு தட்டுகள். ஒன்றில் முட்டை போடுபவை. தாய்களை மட்டும் தினமும் கம்பியால் தூக்கிப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். நாலு நாள் விட்டால் குஞ்சுகள் வளர்ந்து, தாய் யார் மகள் யார் என்று கடவுளுக்கே தெரியாது. மற்றதில் முட்டையே போடாதவை. முட்டைக்குப் போகவேண்டிய கொழுப்பு உடம்பிலேயே தங்கிவிடும். கொழுகொழுவென்று, ரொம்ப நாள் வாழும்.

அந்தத் தட்டின் மூடியில் 'மலடு' என்று எழுதச் சொன்னார் ஆய்வகத்தை நடத்தும் மேடம். அவளுக்குக் கை வரவில்லை. கல்யாணமாகிப் பதினாலு வருஷமாகக் கேட்டுக் காது புளித்த சொல். 'குண்டு' என்று எழுதிவைத்தாள். அதுவும் அவளுடைய பட்டம்தான். பஸ்ஸில் வாரத்துக்கு ஒருத்தராவது எழுந்து இடம் கொடுத்து, "எத்தனை மாசம்?" என்பார். அவள் உட்காராமல் நின்றுகொண்டே போவாள்.

தங்கையின் பிரசவத்துக்கு நாலு நாள் லீவு. பக்கத்துப் பிரிவில் செடிகளை ஆராயும் ஒல்லிக்குச்சியிடம், "அம்மாக்களை மட்டும் தினம் மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தால், தாய்த் தட்டில் சந்தைக்கூட்டம். குண்டுகளோ புத்தம் புதுத் தட்டில் சொகுசாக நெளிந்துகொண்டிருந்தன.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"குண்டுன்னு எழுதியிருந்துச்சே அக்கா! மாசமா இருக்குதுன்னு நெனச்சுப் பூப்போல மாத்தினேன். எங்க வீட்லயும் இப்ப ஏழு மாசம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அடங்கியது. போன தடவை பூஞ்சை பிடித்து எல்லாம் வீணானபோதே, இன்னொரு தடவை கெட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று மேடம் சொல்லியிருந்தார். பழியை ஒல்லிக்குச்சி தலையில் கட்டிவிடலாம். பாவம், அப்பாவாகப் போகிற மனுஷன். அவளே மேடத்தின் அறைக்குப் போனாள்.

"அவர் மேல தப்பில்ல மேடம். நீங்க சொன்ன வார்த்தைய நான் எழுதல. எழுத முடியல."

 மேடம் புது மூடி ஒன்றையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"மறுபடி ஆரம்பிங்க. ஆனா குண்டுன்னு வேண்டாம், ஊரே ஏமாறும். உங்களுக்குப் பிடிச்சதா, புரியற மாதிரி எழுதுங்க."

வேலை போகவில்லை என்று புரியவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள்.

சாயங்காலம் பஸ்ஸில் ஒரு பெரியவர் எழுந்தார். "உக்காரும்மா. எத்தனை மாசம்?"

அவள் ஜம்மென்று உட்கார்ந்தாள்.

"மாசம் இல்லீங்க," என்றாள், மூடியில் எழுதியதை நினைத்துக்கொண்டு. "ஆயுசு கெட்டி."