ஒரு திரையில் உச்சிவெயில், ஒரு திரையில் அந்தி

1

கண்ணுகளா, இந்தக் கதை எனக்கு ஒரு கம்ப்யூட்டரின் முதுகுப்பக்கத்திலிருந்து கிடைத்தது. 2009ஆம் வருஷம், தேவிபட்டினத்தில் காலிதா என்ற பெண் நடத்திவந்த பிரவுசிங் சென்டருக்கு, கையால் எழுதிய எதையோ டைப் அடித்து வாங்கப் போயிருந்தேன். அவள் மேசையில் மட்டும் இரண்டு மானிட்டர்கள் அருகருகே நின்றன. கீழே பெட்டி ஒன்றுதான்.

"ஒரு கம்ப்யூட்டர் செத்துப்போச்சும்மா. மானிட்டர் நல்லாத்தான் இருக்கு. இதோட பின்னால ஒரு ஓட்டை சும்மா கிடந்துச்சு, சொருகிவிட்டேன்" என்றாள்.

சொல்லிக்கொண்டே மவுஸைத் தள்ளினாள். இடது திரையில் இருந்த அம்பு ஓரத்துக்குப் போனது. அங்கே முட்டி நிற்கும் என்று பார்த்தால், மறைந்து, வலது திரையில் வந்து நின்றது. அடுத்தாற்போல் திறந்திருந்த பிரவுசரையே தலையைப் பிடித்து இழுத்தாள். பாதி இங்கே, பாதி அங்கே. ஒரே பக்கம், இரண்டு கண்ணாடியில். நான் வந்த வேலையை மறந்து நின்றேன். நடுவில் இருக்கிற அந்த நாலு விரற்கடைக் காற்றைத் தாண்டும்போது அந்த அம்பு எங்கே இருந்தது?

"இதுக்கே இப்பிடி நின்டா எப்பிடி? இதுல ஒரு பெரியம்மா செஞ்ச காரியத்தைக் கேளுங்க" என்று காலிதா சொல்லத் தொடங்கினாள். அவள் சொன்னது பாதி. மீதியை நான் போட்டுக்கொண்டேன். எது எந்தப் பாதி என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பஞ்சம்மாளுக்கு இரண்டு மகன்கள். இருவரும் இரு துருவ..."

நிறுத்திவிட்டேன். உங்களுக்குக் கொட்டாவி வரும். அடுத்தது:

"மிளகாய்க் கொல்லையிலிருந்து நேரே பஸ் ஏறி, கையின் காந்தல்கூட அடங்காமல், பஞ்சம்மாள்..."

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது ஆனி மாதத்துக் கதை. எங்கள் பக்கம் சித்திரையோடு மிளகாய்ப் பழம் பறித்து, செடியும் காய்ந்துவிடும். ஆனியில் கொல்லையில் மண்கட்டிதான் கிடக்கும். அழகுக்காகப் பொய் சொல்லப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அவள் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, உப்பூருக்கு மேற்கேயிருந்து பஸ்ஸில் வந்தாள். அவ்வளவுதான்.

3

வந்த காரணம் இது. மூத்தவன் மலையாண்டி சவூதியில், தம்மாமில். இளையவன் பொன்னுச்சாமி சிங்கப்பூரில். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மத்தியானம் அவர்களுடைய அய்யா இறந்தபோது இளையவன் லீவில் ஊரில் இருந்தான். தகப்பனுக்கு மூத்தவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். "நான் வார வரைக்கும் வைங்க" என்று தம்மாமிலிருந்து மலையாண்டி போனில் கதறினான். வெயில் தாங்காது என்று ஊர் சொன்னது. பொன்னுச்சாமி கொள்ளி வைத்தான். மூத்தவன் வந்து இறங்கியபோது இருந்தது சாம்பல்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஆடி அமாவாசைக்குத் தேவிபட்டினத்துக் கடலில் இறங்கி அய்யாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய, "அவன் வந்தா நான் வரல" என்று ஒவ்வொரு வருஷமும் இரண்டு பேருமே வரவில்லை.

(மலையாண்டியை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. செத்த உடம்பை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறவன் என்று நாலு வரி கடுமையாக எழுதினேன். பிறகு அவனைத் திருச்சியில் விமானத்திலிருந்து இறக்கி, பஸ் மாற்றி மாற்றி, ஊருக்கு ரோடு பிரிகிற விலக்கு வரை கூட்டிவந்து பார்த்தேன். எதிரே வந்தவர்கள் யாரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. அந்த நாலு வரியையும் கிழித்துவிட்டேன்.)

பஞ்சம்மாள் காலிதாவிடம் சொல்லிவிட்டாள்: "இந்த வருசமும் வரலைன்னா நானே கடல்ல இறங்கித் திதி குடுத்துட்டு, இவங்க ரெண்டு பேத்துக்கும் சேத்துத் தல முழுகிட்டு வந்துருவேன் தாயி."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னதைச் செய்கிற பொம்பளை.

4

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கடை திறந்த பிறகு, சாயங்காலம் நாலு மணி. இரண்டு மகன்களையும் அந்த நேரத்துக்கு அவரவர் ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் வரச் சொல்லியிருந்தாள் பஞ்சம்மாள். ஒருவன் வருவது மற்றவனுக்குத் தெரியாது. காலிதா இரண்டு பிரவுசர்களைத் திறந்து, ஒன்றை இடது திரையில் விட்டாள். இன்னொன்றை இழுத்து வலது திரைக்குத் தள்ளினாள்.

இடப்பக்கம் மலையாண்டி. அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் உச்சிவெயில். வலப்பக்கம் பொன்னுச்சாமி. அவன் அறையில் அந்தி இறங்கி லைட் போட்டிருந்தது.*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தம்மாமில் நம்மைவிட இரண்டரை மணி பிந்திப் பொழுது. சிங்கப்பூரில் இரண்டரை மணி முந்தி. நடுவில், பிசகில்லாமல், பஞ்சம்மாள். இதை நான் திட்டமிடவில்லை. பூமி அப்படி உருண்டிருக்கிறது. இதை எழுதிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

"பெரியம்மா, கேமரா ஒண்ணுதான். மூத்தவருக்குப் போட்ருக்கேன், அவருக்கு உங்க முகம் தெரியும். சின்னவருக்குச் சத்தம் மட்டுந்தான். காதுல மாட்டுனதைக் கழட்டாதீங்க. ஸ்பீக்கர்ல விட்டா ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேட்ரும்."

பஞ்சம்மாள் தலையாட்டினாள். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். மூன்று வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்காத இரண்டு தலைகள். "ஏலே" என்றாள்.

இரண்டு வாயும் ஒரே நேரத்தில் அசைந்தன. "என்னத்தா" என்று ஒன்று, "சொல்லுத்தா" என்று இன்னொன்று. பஞ்சம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னத்துக்கு ஆத்தா சிரிக்கிற?" என்றான் மலையாண்டி.

"சிரிக்கட்டும், நல்லதுதான" என்றான் பொன்னுச்சாமி, அவள் சிரிப்பை மட்டும் கேட்டு.

"ஆடி அமாவாசைக்கு வாரியா?"

"அவன் வாரானா?" இது இடது திரை.

"அண்ணன் வந்தா எனக்கு லீவு இல்லத்தா." இது வலது திரை.

பஞ்சம்மாள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். கொஞ்சநேரம் திரைகளையே பார்த்தாள். பிறகு எழுந்து, இடது மானிட்டரைப் பிடித்து வலப்பக்கம் பார்க்கத் திருப்பினாள். வலது மானிட்டரை இடப்பக்கம் பார்க்கத் திருப்பினாள்.

"என்ன பெரியம்மா செய்றீங்க?"

"ரெண்டு பேரும் என்னையப் பாத்தே உக்காந்திருந்தா எப்பிடிப் பேச்சு வரும்? எதிரெதிர உக்கார வச்சாத்தேன வரும்."

"அல்லாவே. அது கண்ணாடி பெரியம்மா. நீங்க எப்பிடித் திருப்புனாலும் அவங்களுக்கு ஒண்ணும்..."

காலிதா வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை. ஏனென்றால் கேமரா இடது மானிட்டரின் தலையில் கவ்வியிருந்தது. மானிட்டர் திரும்பியபோது அதுவும் திரும்பிவிட்டது. தம்மாமில் மலையாண்டிக்கு ஆத்தாளின் முகம் போய், மானிட்டரைக் கேமராவில் பார்த்தால் ஓடுமே, அந்தக் கறுப்புப் பட்டை மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு கண்ணாடி தெரிந்தது, அதற்குள் லைட் வெளிச்சத்தில் தம்பி.

சிங்கப்பூரிலிருந்து கடல் தாண்டி இந்தக் கடைக்கு வந்த முகம், இரண்டு சாண் காற்றைத் தாண்டி, இன்னொரு கடலும் தாண்டிப் போய் அண்ணன் முன்னால் நின்றது. ஓர் அம்மா செம்பை நகர்த்துகிற மாதிரி நகர்த்தியதில். கண்ணுகளா, எனக்கு இதற்கு மேல் வார்த்தை கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

மலையாண்டியின் முகம் கேமராவுக்கு மிக அருகில் வந்தது. உதடு அசைந்தது. "எதையோ சொல்றான் தாயி, சத்தத்த விடு" என்றாள் பஞ்சம்மாள். காலிதா ஒயரைப் பிடுங்கினாள். ஸ்பீக்கர் பேசியது.

"முடியெல்லாம் கொட்டிருச்சாலே ஒனக்கு?"

பொன்னுச்சாமி தன்னையறியாமல் முன்னந்தலையில் கை வைத்தான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. கறுத்த கட்டம் மட்டும். "ஆத்தா, யாரு அங்கன?"

"நாந்தேன்" என்றது தம்மாம்.

(அந்த வழுக்கை அவர்களுடைய அய்யாவின் வழுக்கை போலவே இருந்தது என்று எழுதி, அடித்துவிட்டேன். இறந்தவரை மகன் முகத்தில் கொண்டுவந்து நிறுத்துவது எழுதுகிறவருக்குச் சுலபம். மலையாண்டி பார்த்தது தம்பியைத்தான். அதுவே போதும்.)

பிறகு மலையாண்டி, மூன்று வருஷமாக வேறு யாரிடமும் கேட்க முடியாததை, பார்த்த ஒருவனிடம் கேட்டான்.

"அய்யா மூஞ்சி எப்பிடிலே இருந்துச்சு, கடைசியா?"

5

இந்த இடத்தில் காலிதா எழுந்து, கதவுத் திரையை இழுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். "அதைக் கேக்குறதுக்கு நான் யாரும்மா" என்றாள் என்னிடம். ஆகவே எனக்கும் தெரியாது. அன்றைக்குத் திரும்பிப் போகும்போது பெரியம்மா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் என்பது தவிர.

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கரண்ட் போய்விட்டது. எங்கள் பக்கம் தினமும் போவதுதான், யாரும் சந்தேகப்பட மாட்டீர்கள்; ஆனாலும் அது கதை சொல்கிறவளின் கோழைத்தனம். இன்னொன்றில் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் அண்ணனும் தம்பியும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். எழுதும்போது இனித்தது, மறுநாள் படித்தால் கூசியது. மூன்றாவதில் பஞ்சம்மாள் தனியாக இறங்கி முழுகினாள். அதைப் பாதியில்...

வேண்டாம்.

எல்லாம் இளையவன் சொல்லப் போகிற பதிலில் இருக்கிறது. "தூங்குற மாதிரி இருந்துச்சுண்ணே" என்று எல்லோரும் சொல்வதைச் சொன்னால் மலையாண்டி வர மாட்டான். உள்ளதைச் சொன்னால், ஒருவேளை வருவான். ஒருவேளை தாங்க மாட்டான். கேட்கிற அண்ணன் எப்படித் தன்னைப் பார்க்கிறான் என்பதும் அவனுக்குத் தெரியாது. அவனுக்கு முன்னால் வெறும் இருட்டு. இருட்டைப் பார்த்துத்தான் அவன் பேச வேண்டும்.

பொன்னுச்சாமி தலையிலிருந்து கையை எடுக்கிறான். தொண்டையைச் செருமிக்கொள்கிறான். வாயைத் திறக்கிறான்.

நானும் காலிதாவோடு வெளியே போகிறேன். நீங்கள் இருங்கள், கண்ணுகளா. பஞ்சம்மாள் பக்கத்தில் ஆள் வேண்டும்.